குழல் வாயில் செவ்வந்தி

காட்டில் நான் வேலை பார்த்த வருடங்களில் யானை என்னை ஒன்றும் செய்யவில்லை. கரடி ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு, இவனெல்லாம் ஒரு ஆளா என்பதுபோல் திரும்பிப் போய்விட்டது. அந்த மலையில் ஆபத்தான பிராணி என்று ஒன்று இருந்ததென்றால், அது தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு அலைந்த நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சிங்காநல்லூரில் நூல் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, கோயமுத்தூருக்கு மேற்கே மலையில் ஓர் எஸ்டேட் வாங்கினார். எஸ்டேட் என்பது விசிட்டிங் கார்டில்தான். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மிச்சமெல்லாம் காடு. அவருடைய சம்பந்திக்கு வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டம் இருந்தது. இவருக்கும் ஒரு மலை இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருவது எப்படி? அதற்காக வாங்கிய மலைக்கு ஒரு ரைட்டர் வேண்டும் என்றார்கள். ரைட்டர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவன். பி.காம். முடித்துவிட்டு, செத்தாலும் தறிக்குடோனில் நிற்க மாட்டேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்த சோமனூர்க்காரனான நான் போய்ச் சேர்ந்தேன்.

சோமனூரில் பிறந்தவனின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எட்டு விசைத்தறி. தொட்டிலில் கிடந்தபோதே அந்தச் சத்தம். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும், அவ்வளவு உரக்கத்தான் பேச வரும். இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் நான் காட்டுக்குப் போனேன்.

அங்கே என் முக்கிய வேலை தண்ணீர்க் குழாய். மலை உச்சியில் ஒரு ஊற்று. அதிலிருந்து எஸ்டேட் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் தூரம் கறுப்புக் குழாய் இழுத்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது யானை அதை மிதித்து உடைத்துவிடும். உடைந்த இடத்தைத் தேடிப் போய் இணைக்க வேண்டும். கூட வருகிறவர் அந்த மலையிலேயே பிறந்த இருளர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை ‘ஏப்பா, வா’ என்றேன். அவர் எனக்கு ‘ங்க’ போட்டார். அது அப்போது எனக்கு உறுத்தவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் முன்னால் போவார். கையில் குழாய் ரெஞ்சு, இடுப்பில் ஒரு கொடுவாள், அவ்வளவுதான். திடீரென்று நின்று தலையைச் சற்றே சாய்ப்பார். “வலத்தால ரெண்டு நிக்குதுங்க. குட்டி இருக்குது. நாம எடத்தால போயிரலாமுங்க” என்பார். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஒரு கிளை முறிந்தால் எந்த மரம், எவ்வளவு தூரம், முறித்தது யார் என்று அந்தக் காது சொல்லிவிடும். அவரும் நானும் உயிரோடு வீடு திரும்பியது அந்த இரண்டு காதுகளால். சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அதற்கு லைசென்ஸ் கிடையாது, தோலுறை கிடையாது, சுவரில் மாட்டிப் படம் பிடிக்க முடியாது. அதனால் அதை யாரும் பாதுகாப்பு என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் முதலாளி ஜீப்பில் வந்தார். வரும் வழியில் யானைச் சாணியைப் பார்த்திருக்கிறார். வெறும் சாணிதான். இறங்கியதும் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏந்தம்பி, வெறுங்கையோடயா காட்டுக்குள்ள போறீங்க? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

என் மேல் கரிசனம் என்று நினைத்து உருகிப்போனேன். அடுத்த மாதமே அவருடைய தகப்பனார் காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி மலையேறியது. லைசென்ஸில் என் பெயரையும் ஏற்றினார்கள். அந்தத் துப்பாக்கி அதுவரை உலகத்தைப் பார்த்ததெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல்தான். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வந்து பீரோவில் வைப்பார்கள். எனக்குப் பயிற்சி என்று ஒரு நாள் தென்னந்தோப்பில் மட்டையை நிறுத்திவைத்து இரண்டு தோட்டாவைச் சுடச் சொன்னார்கள். மட்டை அப்படியே நின்றது. “சத்தம் போதுமுங்க தம்பி, மிருகம் தானா ஓடிப்போயிரும்” என்றார் முதலாளி. அதோடு பயிற்சி முடிந்தது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலில் துப்பாக்கி பிடித்தேன். மலையடிவாரத்து பேக்கரிக்குக் கூட அதோடுதான் போவேன். எங்கள் சீமையில் நாய்க்குட்டியைக் கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். ஆனாலும் துப்பாக்கி வந்த பிறகு எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், டீயில் ஆடை கூடியது. மீசையை முறுக்க ஆரம்பித்தேன். அந்த வயதில் முறுக்குவதற்குப் போதுமான மீசை கூட எனக்கு இல்லை.

என்னோடு குழாய்க்கு வரும் இருளருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. முதல் நாளே பாதையில் ஒதுங்கி நின்றார்.

“நீங்க முன்னால போங்க.”

“ஏன், பயமா?”

“யானைக்கில்லீங்க. அது என்ர முதுகப் பாத்துக்கிட்டே வருதுங்களே.”

அதற்கு நான் சிரித்தேன். ரைட்டர் முன்னால் போனால் வழி யார் காட்டுவது என்று அவரை முன்னால் தள்ளினேன். அவர் காதும் முன்னால், என் குழலும் பின்னால். தினமும் அப்படித்தான் ஏறினோம்.

ஆயுத பூஜை வந்தது. கோயமுத்தூரில் அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. மில்லில் பெரிய பூஜை. துப்பாக்கியும் ஆயுதம்தானே, கொண்டு வாருங்கள் என்று ஆள் வந்தது. கொண்டுபோனேன். முதலாளியின் வீட்டம்மா பக்தியோடு ஒவ்வொரு குழலின் வாயிலும் ஒரு செவ்வந்திப் பூவைக் காம்போடு செருகி, அது விழாமலிருக்கக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை வைத்து அடைத்தார். மேலே குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

“பூவ எடுத்துப்போடாதீங்க தம்பி. பூஜப் பூ, தானா உதிரோணும்” என்றார்.

நான் எடுக்கவில்லை. அன்று மில்லில் நாலாயிரம் நூல் கதிர்கள் சுற்றும் இயந்திரங்களுக்கும் சந்தனம் வைத்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் பிட்டர் வந்து, ஓட வேண்டிய இடத்தை முதலில் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டிருப்பார். வேலை தெரிந்தவனின் பக்தி அது. என்னுடையது வேலை தெரியாதவனின் பக்தி. மலைக்குத் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. சந்தனம் கரைந்து பூவோடு உள்ளே இறங்கியது. பிறகு ஒரு வாரம் வெயிலில் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியது. குழலை மடித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த அரிச்சுவடி கூடத் தெரியாமல் தோட்டாவைப் போட்டு மூடினேன்.

மலையில் என் கூட வருகிறவர் அதையும் பார்த்தார்.

“உள்ள பூ கெடக்குதுங்களே?”

“சாமிப் பூ. தானா உதிரும்” என்றேன், ஏதோ சாஸ்திரம் கரைத்துக் குடித்தவனைப் போல.

அன்று மேலே மூங்கில் புதருக்குப் பக்கத்தில் குழாய் உடைந்திருந்தது. அவர் குனிந்து குழாய் இணைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். புதருக்குள் பெரிதாக ஏதோ அசைந்தது. மூங்கில் சடசடவென்று முறிந்தது. என் தறிக்காதுக்குக் கூட அது கேட்டுவிட்டது, அதுதான் கஷ்டகாலம். துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். அவர் சட்டென்று எழுந்து, என் பக்கமாக வந்து, கையை ஆட்டினார்.

“மாடுங்க! பட்டி மாடுங்க! மணி கேக்குது—”

அவர் சொன்னது என் மண்டையில் ஏறுவதற்குள் விரல் அழுத்திவிட்டது. பட்டி மாடு என்றால் மலைக்குள் மேய்ச்சலுக்கு விட்ட மாடு. அதன் கழுத்தில் கட்டியிருந்த மூங்கில் மணி அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. இடது குழலின் வாய் வெடித்து, வாழைப்பழத் தோலை உரித்தது மாதிரி மூன்றாகப் பிளந்தது. அது அவருடைய வலது காதிலிருந்து ஒரு முழம் தூரத்தில் நடந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. மாடு வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

எனக்கு ஒரு கீறல் இல்லை. என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்று வரை வேறு எவன் மீதும் உணர்ந்ததில்லை.

எஸ்டேட் ஜீப்பில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அடிவாரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“ரெண்டு குழலுமே போச்சுங்களா, ஒண்ணுதானா?”

“ஒண்ணுதானுங்க.”

“அப்பா காலத்துப் பொருளுங்க தம்பி அது” என்றார். பிறகுதான் அடிபட்டவரைப் பற்றிப் பேச்சு வந்தது. மலையில் வழுக்கி விழுந்து பாறையில் அடிபட்டதாகச் சொல்லிவிடுங்கள், தெரிந்த டாக்டர்தான், துப்பாக்கி என்று வெளியே போனால் லைசென்ஸ் ரத்தாகிவிடும் என்றார். ரத்தாகட்டுமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாக நானே சொன்னேன். அடிபட்டவரும் தலையாட்டினார். செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனிக் கேட்காது என்றார் டாக்டர். ஒரு காது நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலாளி ஆறுதல் சொன்னார். துப்பாக்கிக்கும் ஒரு குழல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மட்டும் பதிலாகப் புதிது வாங்க உடனே மனுப் போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். துப்பாக்கியில்லாமல் இருவரும் குழாயைப் பார்க்கப் போனோம். பாதி வழியில் எங்கோ ஒரு கிளை முறிந்தது. அவர் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், முழு உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றினார். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

“எந்தப் பக்கமுங்க?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. இடது பக்கம் கையைக் காட்டினேன். அவர் என்னை நம்பி வலது பக்கமாக இறங்கினார். அன்று ஒன்றும் வரவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஏதுமில்லை.

கீழே வந்ததும் ரெஞ்சை ஆபீஸ் படியில் வைத்தார். நாளையிலிருந்து வரவில்லை என்றார். வேறு வேலை தருகிறேன், காப்பிக் களத்தில் நில்லுங்கள் என்றேன். ‘நில்லுங்கள்’ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு வாயில் வந்தது. அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார்.

“வேண்டாமுங்க. நாப்பது வருசமா காட்டுல இருக்கறனுங்க, பயம்னா என்னன்னு தெரியாதுங்க. இப்பத்தான் ரைட்டரய்யா, எனக்கும் ஒரு துப்பாக்கி வேணுமாட்ட இருக்குதுங்க.”