பலவேசம் வீட்டு டிராக்டர்

சாக்பீஸால் வரைந்த டிராக்டருக்குள் நின்றுகொண்டுதான் பலவேசம் பல் விளக்குவார். வாயில் பிரஷ், கண் தரையில். இடது கால் நிற்கும் இடம் கிளட்ச். வலது காலை ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்ப்பார். பிரேக் அங்கே வந்தால் முழங்கால் இடிக்கும் என்று தோன்றிவிட்டால் போச்சு, வாயைக் கொப்பளித்த கையோடு குத்தவைத்து, பழைய கோட்டை உள்ளங்கையால் அழித்து, நாலு விரல்கடை முன்னால் புதுக் கோடு போடுவார். காகிதத்தில் படம் போடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. வண்டி எந்த அளவோ அதே அளவில் முற்றத்தில் விழுந்துவிடும். புது ஆர்டர் வந்தால் அவர் மனைவி முருகம்மாள் எஞ்சினுக்குள் உட்கார்ந்துதான் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும்.

“கோலம் போட எடம் விட்டிருக்கீகளா? வாசல்லயும் ஒரு சக்கரம் வந்து நிக்குது.”

“பின்சக்கரம்ளா அது. மிதிச்சிராத.”

ஏழாயிரம்பண்ணையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் வெல்டிங் மெஷின், இரும்பு அறுக்கும் மெஷின், துளை போடும் மெஷின், இவற்றுக்கு நடுவே கைலியை மடித்துக் கட்டிய பலவேசம். இதை வைத்துக்கொண்டு ஒரு டிராக்டரே செய்ய முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முடியாது என்று சொன்னவர்கள்தான் அதிகம். அது அவர் காதில் ஏறவே இல்லை.

எஞ்சினும் கியர் பெட்டியும் ஓடிக் களைத்த ஷேர் ஆட்டோவிலிருந்து வரும். ஆக்சிலேட்டர்கூட ஆட்டோவின் கைப்பிடி முறுக்குதான். சிவகாசியில் காலண்டர் அடித்து ஓய்ந்த அச்சு மெஷினின் பல்சக்கரம் இவர் வண்டியில் விதைப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கும். சாத்தூர் பழைய இரும்புக் கடையில் அவர் சாமான் எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஸ்பேனரால் தட்டுவார், காதைக் கொடுப்பார். “இது பேசுது” என்றால் சாக்குக்குள் போகும். “இது ஊமை” என்றால் திரும்பக் குவியலில் விழும். கடைக்காரர் விலையைச் சொல்வதற்குள் அடுத்த குவியலுக்குப் போயிருப்பார்.

தற்பெருமைக்குக் குறைவில்லாத மனிதர். அதை ஒளித்து வைக்கிற பழக்கமும் இல்லை. “ஷோரூம் வண்டி ஊருக்கெல்லாம் ஒரே அளவு. நம்மது அளவெடுத்துத் தைக்கிறது,” என்பார். உண்மைதான். ஆர்டர் கொடுத்தவர் உழுகிற காட்டைப் போய்ப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டார். வரப்பில் நடப்பார், மூலையில் நின்று கையை விரித்துக்கொண்டு தானே வண்டியாகி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முடிந்த வண்டியைப் ‘பொண்ணு’ என்றுதான் சொல்வார். கலப்பை, விதைப் பெட்டி, களையெடுக்கும் கொத்து எல்லாம் சீர். “பொண்ணக் கெட்டிக் குடுக்கேன், சீர் இல்லாம அனுப்ப முடியுமா?”

நவநீதகிருஷ்ணனுக்குக் கட்டிய வண்டியும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவருடைய கரிசல் காட்டில் ஒரு துண்டு, பட்டாசு கம்பெனிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் போக ஒரே பாதை, கம்பெனி வேலிக்கும் ஓடைக்கும் நடுவில். மாட்டு வண்டிக்குப் போதுமானது, பெரிய டிராக்டர் நுழையாது. மாடுகளை விற்றதிலிருந்து அந்தத் துண்டு தரிசாகவே கிடந்தது. ஆள் விட்டுக் கொத்தலாம் என்றால் தீபாவளி சீசனில் ஆளுக்கு எங்கே போவது? விடிந்தும் விடியாமலும் வேன் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடும்.

பாதை கம்பெனிக்குச் சொந்தம். அங்கே போர்மேன் காசிராஜன். நல்ல மனிதர், ஆனால் எஞ்சின் என்று சொன்னாலே கும்பிடு போட்டுவிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி ஒற்றை ஒற்றையாக அறைகள், அறைக்கு அறை வெடிமருந்து.

“அண்ணாச்சி, சைலன்சர்ல இருந்து ஒரே ஒரு பொறி பறந்து, காத்தும் இந்தப் பக்கம் அடிச்சா, நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?”

“பொறி பறக்காத வண்டியாக் கொண்டாரேன். பாத்துட்டு உடுங்க,” என்றார் பலவேசம். அந்த அறைகளில் ஒன்றில்தான் முருகம்மாள் வேலை பார்க்கிறார். பல வருஷமாகப் பார்க்கிறார்.

வண்டி முடிகிற நேரம் பார்த்துப் புரட்டாசி மழையும் பெய்தது. கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு அப்புறம் தூக்கம் வராது. மழை பெய்த மறுநாள் இறங்கினால் காலை விடாது. நாலு வெயில் காய்ந்துவிட்டால் கடப்பாரையும் இறங்காது. நடுவில் கிடைக்கிற சின்ன அவகாசத்தில் விதை விழுந்துவிட வேண்டும். நவநீதகிருஷ்ணன் கொட்டகைக்கே வந்து நின்றுவிட்டார்.

“என்னப்பா பலவேசம், இந்த ஈரத்துல போடலன்னா இந்த வருசமும் அங்கன கருவேலமுள்ளுதான்.”

“நீங்க மக்காச்சோள வெதைய வாங்கி வைங்க அண்ணாச்சி. மத்தத எங்கிட்ட விடுங்க.”

கம்பெனிக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசிராஜனை வீட்டுக்கே அழைத்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, துவைத்த வேட்டித் துண்டு ஒன்றைச் சைலன்சர் வாயில் பிடித்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. துணியைப் பிரித்துக் காட்டினார். கரிப் புகை படிந்திருந்தது, ஒரு பொத்தல் இல்லை. சைலன்சருக்குள் அவர் வைத்திருந்த கம்பி வலையின் மகிமை. அதைப் பற்றி ஒரு பிரசங்கமே நடந்தது. காசிராஜன் தலையாட்டினார். எஞ்சின் தன்பாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, முருகம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தம்ளர்களை வாங்கிக்கொண்டே சொன்னார்:

“இப்ப ஒருக்க முறுக்குங்க.”

“அதான் பாத்தாச்சே.”

“மொதல்ல ஒரே முறுக்கா முறுக்குனீக. காட்டுல அப்படியா ஓட்டுவாக? நின்னு நின்னுல்ல போகும். இப்ப முறுக்குங்க.”

முறுக்கினார். துணியில் மூன்று பொத்தல். சுற்றிலும் பழுப்பாகக் கருகி, மிளகு அளவுக்கு. மெதுவாக ஓடும்போது சைலன்சருக்குள் சேர்ந்த கரி, திடீரென்று முறுக்கியதும் கனன்றுகொண்டு வெளியே வந்திருக்கிறது. வலை அதை நிறுத்தவில்லை. காசிராஜன் எழுந்து செருப்பை மாட்டினார். “பாப்போம் அண்ணாச்சி,” என்றார். பார்க்கப்போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

பலவேசத்துக்கு முதலில் வந்தது கோபம். காரியம் கைகூடி வருகிற நேரத்தில் இப்படியா? கோபம் வாய்க்கு வருவதற்குள் முருகம்மாள் முந்திக்கொண்டார்.

“எனக்குத் தெரியணும்ல? நாந்தான உள்ள உக்காந்திருக்கேன்.”

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. பொத்தல் விழுந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பலவேசம் பேசாமல் இருந்த சாயங்காலம் அந்தத் தெருவுக்கே புதுசு.

மறுநாள் முழுக்கக் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை. முன்னொரு காலத்தில் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்திருக்கிறார். அங்கே தூசிக் காற்றை ஒரு பெரிய கூம்புக்குள் பக்கவாட்டில் விட்டுச் சுழற்றுவார்கள். சுழற்சியில் தூசி ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழே இறங்கிவிடும், காற்று மட்டும் மேலே போகும். அதே கூம்பைக் கைக்கடக்கமாகச் செய்தால் என்ன? வலையைப் பிடுங்கி எறிந்தார். தகட்டை வெட்டி, வளைத்து, கூம்பாகப் பற்றவைத்து, புகையை அதற்குள் சுழலவிட்டார். கனலும் கரியும் விழுவதற்கு அடியில் மூடியோடு ஒரு பாத்திரம் வேண்டும். கைக்குக் கிடைத்தது முருகம்மாளின் எவர்சில்வர் தூக்குச்சட்டி. கனம், அளவு, மூடி எல்லாம் கச்சிதம்.

வேன் இறங்கி வீட்டுக்கு வந்த முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“நாளைக்குச் சோத்த எதுல கொண்டு போக? உங்க பொண்ணுக்குப் போட்ட சீர்ல எஞ் சட்டியும் சேத்தியா?”

“புதுசு வாங்கித் தாரேன்ளா. இது இனிமே கெடைக்காது, பத்தவச்சிட்டேன்.” பலவேசத்துக்குப் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் முறுக்கிக் காட்டுங்கள், பொத்தல் விழுகிறதா பார்க்கிறேன் என்று முருகம்மாளும் கேட்கவில்லை, பார்க்கிறாயா என்று பலவேசமும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி கேட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே, தார் ரோட்டில் வண்டியை நிறுத்தினார். பின்னால் விதைப் பெட்டி. நவநீதகிருஷ்ணன் விதை மூட்டையோடு பைக்கில் வந்து இறங்கி, குனிந்து ரோட்டோரத்து மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தார். கையில் ஒட்டாமல் உருண்டை பிடித்தது. இன்றைக்கு விட்டால் கிடையாது. காசிராஜன் கேட்டிலிருந்து நடந்தே வந்தார். இந்தத் தடவை துணியை அவரே பிடித்தார். எஞ்சினை நெடுநேரம் சும்மா ஓடவிட்டு, அவர் கண் காட்டியதும் பலவேசம் முறுக்கினார். பொத்தல் இல்லை. மறுபடி சும்மா விட்டு, மறுபடி முறுக்கினார். இல்லை. காசிராஜன் தூக்குச்சட்டியைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

“சரி அண்ணாச்சி. வேலி ஓரமா நான் கூடவே நடந்து வாரேன். வண்டிய எடுங்க.”

நவநீதகிருஷ்ணன் மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். பலவேசம் ஏறவில்லை. அவர் பார்வை ரோட்டில் இருந்தது. ஊர் வேன் வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. பெண்கள் இறங்கினார்கள். முருகம்மாளும் இறங்கினார், பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டோடு.

நேரே வண்டியிடம் வந்தார். பையிலிருந்து, உள்ளே போகும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டையை எடுத்தார். நேற்றுத் துவைத்து மடித்தது, வெளிர் நீலம், ஒரு காலத்தில் பலவேசம் போட்டிருந்தது. அதைச் சைலன்சர் வாயில் விரித்துப் பிடித்தார்.

“ஏளா, கரி படிஞ்சிரும்.”

“படியட்டும். சும்மா ஓடவிட்டு, பொறவு முறுக்குங்க.”

ஓடவிட்டார். அந்த நேரம் பலவேசத்துக்கு நீண்டுகொண்டே போனது. முறுக்கினார். எஞ்சின் கத்தியது, சட்டை உப்பிப் படபடத்தது. முருகம்மாள் அதை எடுத்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். நடு முதுகில் தட்டு அளவுக்கு வட்டமாகக் கரி. அந்த வட்டத்தை விரலால் தடவித் தடவித் தேடினார். காசிராஜன், நவநீதகிருஷ்ணன், வேனிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முருகம்மாள் சட்டையை ஒரு உதறு உதறி, கையை நுழைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாக மாட்டி, கம்பெனி கேட்டுக்குள் நடந்து போனார்.