கதைக்கூலி

புதன்கிழமை மாலை அம்மாவும் மகளும் ஒரு படுக்கை விரிப்பை மடித்தார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

"மூலையோட மூலை சேரணும்டி. இவ்வளவு படிச்சு என்ன, ஒரு மூலை பிடிக்கத் தெரியல."

"துணிக்கு இவ்வளவு துல்லியம் எதுக்கும்மா?"

"உன் லிஃப்டுக்கு மட்டும் எதுக்காம்?"

மகள் லிஃப்ட் பரிசோதிக்கும் பொறியாளர். வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்பை மகளின் கையிலிருந்து பிடுங்கி, ஒரு தடவை உதறி, தானே மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போனவள் வேலைசெய்யும் இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது.

சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்பார்கள். அந்தப் பெயர் வந்ததற்கும், பின்னால் அந்தப் பெயரைக் கேட்டாலே அவள் தலை கவிழ்ந்ததற்கும் ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் காரணம்.

அங்கே ரோலர் என்று ஓர் இயந்திரம் உண்டு. ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. ஒரு பக்கம் இரண்டு பேர் ஈரவிரிப்பை வண்டியிலிருந்து தூக்கி உள்ளே விடவேண்டும். மறுபக்கம் இரண்டு பேர் சூட்டோடு பிடித்து மடிக்கவேண்டும். ஈரத்துணி பிணம் மாதிரி கனக்கும். அம்மாவோடு அந்த ரோலரில் நின்றவர்கள் மூன்று பேர். எல்லோருக்கும் மூத்தவள் பெரியக்கா. அவள் சொன்னதுதான் அங்கே சட்டம். அடுத்தவள் ஒல்லி, காற்றடித்தால் விரிப்போடு சேர்ந்து பறந்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். மூன்றாமவள் சிடுமூஞ்சி, இடுப்புவலிக்காரி, சிரித்து யாரும் பார்த்ததில்லை.

நான்கு பேருக்கும் அந்தத் தொடரில் பைத்தியம். சனிக்கிழமை மாலை வரும். ஓர் அத்தையும் அவளுடைய அண்ணன் மகனும் ஓட்டை வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய்ப் பூதங்களைப் பிடிப்பார்கள். அண்ணனை எப்போதோ ஒரு பூதம் விழுங்கிவிட்டது. அவனைத் தேடுவதுதான் பெரிய கதை. நடுநடுவே அந்தக் கதையோடு ஒட்டாமல், வந்த ஊர், வந்த பூதம், பிடித்தார்கள், கிளம்பினார்கள் என்று ஒரே வாரத்தில் முடியும் கதையும் வரும். அதற்கு இவர்கள் வைத்த பெயர் ஒத்தைக் கதை.

சனிக்கிழமை மாலையிலும் நோயாளிகள் விரிப்பை நனைக்காமல் இருப்பதில்லை. நான்கு பேரும் ஒன்றாக வீட்டிலிருக்க வழியில்லை. அதனால் பெரியக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். பார்த்தவள் பார்க்காதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கதை சொல்லவேண்டும். சொல்பவள் அன்று ஈரத்துணி தொடவேண்டாம். முக்காலி போட்டு உட்கார்ந்து தலையணை உறை அடுக்கினால் போதும். அவள் பங்கையும் மற்றவர்கள் தூக்குவார்கள். இதற்குக் கதைக்கூலி என்று பெயர். செல்பேசியில் தேடிப் பார்ப்பது துரோகம்.

யார் சொன்னாலும் கேட்பார்கள். ஆனால் அம்மா சொன்னால் ரோலர் ஓடும் சத்தமே கேட்காது என்பாள் ஒல்லி. அத்தையின் குரல் ஒன்று, பூதத்தின் குரல் ஒன்று, வேனின் இன்ஜினுக்குத் தனிக் குரல். கொஞ்ச நாளில் எல்லோரும் தங்கள் முறையை அவளுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தொடக்கப் பாட்டு முடிவதற்குள் கண் சொருகிவிட்டது. விழித்தபோது முடிவுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகள் வெளியூரில் வேலையாக இருந்தாள். தட்டி எழுப்ப ஆளில்லை.

மறுநாள் உள்ளே நுழைந்தபோது முக்காலி போட்டிருந்தது. அவள் பங்கு வண்டியைச் சிடுமூஞ்சி ஏற்கனவே காலி செய்ய ஆரம்பித்திருந்தாள். 'தூங்கிட்டேன்' என்ற ஒரு சொல் அம்மாவின் வாயில் வரவில்லை. உட்கார்ந்தாள்.

"சொல்லு ரேடியோ. அண்ணன்காரன் கிடைச்சானா?"

பெரிய கதை என்றால் அடுத்த வாரமே மாட்டிக்கொள்ள வேண்டும். அம்மா யோசித்தது ஒரு நொடிதான்.

"இல்லக்கா. இந்த வாரம் ஒத்தைக் கதை."

சொன்னாள். ஓர் ஆஸ்பத்திரி. அதன் சுவருக்குள் ஒரு பூதம். கட்டடம் விழாமல் தாங்கிக்கொண்டு பகல் முழுக்க நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்று அதற்குச் சாபம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மெல்ல இறங்கி வந்து, காலியாக இருக்கும் கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளும். விடிவதற்குள் சுவருக்குள் போய்விடும். ஆனால் அது படுத்த கட்டிலில் சூடு நிற்காது. அடுத்து அதில் படுப்பவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அப்படி ஒரு கிழவர் செத்துப்போனார். அத்தையைக் கூப்பிட்டார்கள். அத்தை இரும்புக் கோலோடு வந்து கட்டிலருகே நிற்கிறாள். பூதம் அயர்ந்து தூங்குகிறது. அத்தை கோலை ஓங்குகிறாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பாட்டு போட்டுட்டான்."

"என்னடி இது! கொன்னாளா, விட்டாளா?"

"நம்மளயே முடிவு பண்ணிக்கச் சொல்றான் போல."

அந்த வாரம் ரோலரில் வேறு பேச்சே இல்லை.

"கிழவரைக் கொன்னது அதுதானே? அப்போ போட்டுத்தள்ள வேண்டியதுதான்" என்றாள் பெரியக்கா.

"எப்படிக்கா சொல்ற? வயசானவரு. தானாப் போயிருப்பாரு" என்றாள் ஒல்லி.

"தானாப் போறவருக்கு எதுக்கு நடுக்கம்?"

"ஜன்னல் திறந்திருக்கும்."

"கதையில ஜன்னல் இருந்துச்சா? ரேடியோ, ஜன்னல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா சாத்தியிருந்துச்சு" என்றாள் அம்மா. பொய்க்குக் கதவு வைத்தவள் ஜன்னலும் வைத்துத்தானே ஆகவேண்டும்.

"அது செத்தா கட்டடத்தை யாரு தாங்குவா? உங்க அத்தையா?" என்று ஒல்லி மடக்கினாள்.

அதுவரை வாயே திறக்காத சிடுமூஞ்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பூதமோ பேயோ, நாள் பூரா நின்னா கால் வலிக்காதா? கொஞ்சம் படுத்துட்டுப் போகட்டுமே. எவன் கட்டில் என்ன குறைஞ்சுபோச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்ததாம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். அம்மா அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. ஏழாம் நாளே சாயம் வெளுத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பாய்லர் பழுது, சலவைக்கூடத்துக்கே விடுமுறை. நான்கு பேரும் அவரவர் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள். தொடர் தொடங்குவதற்கு முன் போன வாரக் காட்சிகளைக் காட்டினான். தாடியும் மீசையுமாக அண்ணன் வந்து அத்தையின் காலில் விழுகிறான். மகன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். இத்தனை நாள் எல்லோரும் காத்திருந்த காட்சி. கட்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

அம்மா எழுந்து நின்றதை மகள் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அடுப்புல பால்."

அடுப்பில் ஒன்றும் இல்லை. சமையலறையில் அம்மா விளக்குப் போடாமல் நின்றிருந்தாள். தலைவலி என்றாள். மகள் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முக்காலி இல்லை. பெரியக்கா வண்டியை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா விசிறியே விட்டிருப்போம். எங்களைக் கேனைன்னு நினைச்சுட்ட இல்ல? ஒரு வாரம் முட்டிக்கிட்டோம்டி, இல்லாத பூதத்துக்கு."

"ரேடியோ ரிப்பேர்" என்றாள் ஒல்லி. சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

சிடுமூஞ்சி தன் பங்கு விரிப்பைத் தூக்கினாள். தூக்கும்போது 'அம்மா' என்று முனகினாள். எப்போதும் முனகுவதுதான். அன்று அது அம்மாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மா மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் அழுக்குத்துணி பிரிக்கும் அறை இருக்கிறது. ரத்தமும் சீழும் வாந்தியுமாக மூட்டை மூட்டையாக வரும். கையுறை, முகமூடி, மருந்து நெடி. தண்டனை என்றுதான் அங்கே ஆள் போடுவார்கள். தானாகக் கேட்டு வந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"உடம்புக்கு ஏதும் சரியில்லையாம்மா? தலைக்கு?"

"இல்லங்க. என்னை அங்க போட்டுடுங்க."

சனிக்கிழமைகளில் வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை. அம்மாவின் கையில் மருந்து வாடை. இவை இரண்டையும் மகள் சேர்த்துப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. பழுது கண்டுபிடிப்பது தொழில் என்று பேர். ஒரு நாள் கேட்டாள். அம்மா பாத்திரம் தேய்த்தபடி, முகத்தைத் திருப்பாமல், முழுவதையும் சொன்னாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ தூங்கினதுக்கு ஒரு தூங்குமூஞ்சி பூதமா? இதுக்கா இந்தக் கூத்து? அவங்க இந்நேரம் மறந்தே போயிருப்பாங்கம்மா."

"சிரிக்காதடி. மூணு பேரு என் துணியைத் தூக்கினாங்க. அதுல ஒருத்திக்கு இடுப்பே கிடையாது. நான் ராணி மாதிரி உக்காந்துட்டு வாய்க்கு வந்ததை அளந்துட்டு இருந்தேன். திருடினவகூடப் பயந்துக்கிட்டுத் திருடுவா. நான் ரசிச்சுச் சொன்னேன்."

"சரி, போய் மன்னிப்புக் கேளு. ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"உன் லிஃப்டா அது, பொத்தானை அமுக்கினா இறங்கி வர?"

மகளுக்கு மறுநாள் ஒரு சோதனை அறிக்கை முடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மீதியை மகள் தெரிந்துகொண்டது அம்மா போன பிறகு. அம்மாவின் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிவரச் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தாள். மூன்று பேரும் நடைவழியில் நின்றார்கள். மகளுக்கு அவர்களை அடையாளம் காண ஒரு நிமிடமும் ஆகவில்லை; அம்மா அவ்வளவு துல்லியமாகச் செய்து காட்டியிருந்தாள், நடை முதற்கொண்டு.

ஒல்லிதான் பேசினாள். அம்மா இறந்த அந்த வாரத் திங்கட்கிழமை அழுக்குத்துணி அறைக்கு அவள் போனாளாம். வாசலிலேயே நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாளாம்.

"அக்கா, கோபப்படாதே. அந்தக் கட்டில் பூதம் என்னதான் ஆச்சு? உன் கதைதானே, உனக்குத் தெரியும்தானே. அங்க இன்னும் சண்டை ஓயல. பெரியக்காதான் கேட்டுட்டு வரச் சொன்னா. அவ கேட்டான்னு சொல்லாதே, என்னைத் தோலை உரிச்சிடுவா."

அம்மா கையுறையைக் கழற்றாமலே சொன்னாளாம்: "எனக்கே தெரியாதுடி. நான் முடிவே வைக்கல. யோசிச்சு வியாழக்கிழமை வரேன். இடைவேளையில வந்து மூணு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். அதுக்கு முன்னாடி வேற ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கு. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

"உன்கிட்ட முடிவு ஏதாவது சொன்னாளாம்மா?" என்று பெரியக்கா மகளிடம் கேட்டாள்.

கதை முழுவதையும் கேட்டுச் சிரித்த மகள், அத்தை கொன்றாளா விட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று பேரின் முகத்தையும் பார்க்க முடியாமல் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. நான் கேக்கல."

சிடுமூஞ்சி அவள் தோளைத் தொட்டாள். "பரவாயில்ல கண்ணு. எங்களுக்கும் கேக்க ரெண்டு மாசம் ஆச்சே."

அந்த வியாழக்கிழமை இடைவேளைக்கு முன்பே அவர்கள் ரோலரை நிறுத்திவிட்டார்களாம். சூடு ஆறிவிடும், ஈரத்துணி குவிகிறது என்று மேற்பார்வையாளர் கத்தியிருக்கிறார். பெரியக்கா காதில் வாங்கவில்லை. மூன்று பேரும் கையைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறைக்கும் ரோலருக்கும் இடையில் இருப்பது ஒரு நடைவழிதான். அம்மா அதைக் கடந்து வரவில்லை.