கோணாமலை சொல்லாமல் விட்டது

கோணாமலையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்ல கிழக்குக் கரையில் ஒருவரும் அகப்படமாட்டார்கள். ஆசுபத்திரி ஒன்றில் ஆண்கள் வாட்டு அற்றண்டன், நோயாளிகளுக்கு உதவியாள். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் முகாமில் எடுபிடி வேலை செய்து இங்கிலீசு பிடித்துக்கொண்டவன். ஐம்பத்துமூன்றாம் ஆண்டில் கொழும்பிலிருந்து வந்த டொக்டருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. பிறகென்ன? டொக்டர் சொல்வதெல்லாம் கோணாமலையின் வாயால்தான் சனத்துக்குப் போகும். அதில் வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

மருதமுனையில் தறி நெய்யும் மசூரைக் குடல் முறுகிக் கொண்டுவந்தார்கள். டொக்டர் வயிற்றைக் கீறிச் சரிசெய்து, மூக்கால் குழாய் விட்டு நாலு நாள் வயிற்று நீரை இறைக்க வைத்தார். வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது. முதல் நாளே உம்மா றுகையா ஓதிய தண்ணீர்ப் போத்தலோடு கிட்டப் போனாள். கோணாமலை தட்டிவிட்டான், போத்தல் சுக்குநூறாகியது. தடுத்தது சரிதான், ஆனால் ஓதிய தண்ணீரைத் தட்டிவிடுகிற கையும் ஒரு கையா? அவள் விதவை, ஒரே பிள்ளைக்காரி.

"உன்ட கை விளங்காமப் போகும்" என்று வாட்டே கேட்கத் திட்டினாள். நோயாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்கு ஆறவேயில்லை. இனி இவளோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று வீம்பு பிடித்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றிய டொக்டர், இறைத்த நீரோடு உடம்பின் உப்பும் போய்விட்டது, ஏற்றிய சேலைன் போதாது, கஞ்சியில் உப்புப் போட வேண்டும், வெறுந்தண்ணீர் கூடாது, தாயிடம் சொல் என்று கோணாமலையிடம் சொல்லிவிட்டுச் சில நாளைக்கு வேறு ஆசுபத்திரிக்குப் போனார். கோணாமலை சொல்லவில்லை.

கீறின புண்ணுக்கு உப்பு ஆகாது, சீழ் வைக்கும் என்பது ஊரறிந்த பத்தியம். றுகையா உப்பில்லாக் கஞ்சி கொண்டுவந்தாள். தாகமென்றால் செம்பு செம்பாக மல்லித்தண்ணீர் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரனிடம் அவள் பத்தியம் பற்றிச் சொன்னதைக் கோணாமலை காதாரக் கேட்டான். கேட்காத மாதிரிப் போய்விட்டான்.

எட்டாம் நாள் காலையில் மசூர் உம்மாவைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டான். மத்தியானம் வலிப்பு வந்தது. டொக்டர் திரும்பி வந்து என்னென்னவோ செய்தும் அஸர் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டான்.

டொக்டர் சட்டியிலிருந்த கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சிவந்தது. உப்பைப் பற்றித் தாயிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன், இந்தப் பொம்பிளைதான் கேட்கவில்லை என்றான் கோணாமலை. பாவி, கண்கூட இமைக்கவில்லை.

டொக்டர் அவளைப் பார்த்து இங்கிலீசில் கத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் றுகையா.

ஏழு நாளைக்குப் பிறகு கோணாமலை அவளோடு கதைத்தான்.

"நீ கஞ்சிக்கு உப்புப் போடாததாலதான் உன்ட மகன் செத்ததாம்."

அவள் சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"அல்லாஹ்வே, என்ட கையாலயா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே."

என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார்.

தன் பிழைதான் என்கிறாள் என்றான் கோணாமலை.