மஞ்சள் குடை இல்லாத வளைவு

மழை வரப்போகிறது என்றால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்ளும் நாள் இந்த ஊரில் வருடத்துக்கு ஒன்று உண்டு. வட பிரான்ஸின் இந்தப் பக்கத்தில் ஏப்ரலில் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு முந்தின நாள் அது. பக்கத்து வீட்டு ழெரார் அன்று கதவைத் தட்டி, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் போன்ற முகத்தோடு, "நாளைக்கு மழை நிச்சயம்! காத்தும் இருக்குது!" என்றார். அவர் பேசியது பிரெஞ்சு. எனக்கு நாற்பத்தொரு வருடமாக அது நம்மூர்ப் பேச்சாகத்தான் மனதில் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். நான் பதிலுக்கு வாழ்த்தவில்லை. ஏப்ரல் மழைக்குச் சந்தோஷப்பட மரக்காணத்துக்காரனால் முடியாது. அங்கே அது உப்பு விளையும் மாதம். ஒரு மணி நேரம் பெய்தால் பாத்தியில் விளைந்திருப்பது பாத்தியிலேயே கரைந்துபோகும்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி நம்மூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் முடிந்துவிடும். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வழியில் வயல்களுக்கு நடுவே பழைய காலத்து வண்டிப்பாதைகள் வரும். குழந்தையின் தலை அளவு கருங்கற்களைப் பதித்த பாதைகள், பவே என்பார்கள். காய்ந்திருந்தால் புழுதி. நனைந்திருந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய குளியலறைத் தரை. வெயிலில் நடக்கும் பந்தயத்தை இவர்கள் பாதிப் பந்தயம் என்றுதான் நினைக்கிறார்கள். கூடாரம், அடுப்பு, பீர்ப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வயலோரம் போய், சேற்றில் முழங்கால்வரை நின்று, சைக்கிள்காரர்கள் கடக்கும் ஐந்து நிமிடத்துக்காக அரை நாள் நனைகிறார்கள். கடந்ததும் காரில் ஏறிக் குறுக்குச் சந்துகளில் பறந்து அடுத்த கல்பாதையில் போய் நிற்பார்கள். அப்படி ஒரே நாளில் மூன்று இடத்தில் பார்ப்பவர் உண்டு, நான்கு இடத்தில் பார்ப்பவரும் உண்டு. ழெரார் ஐந்து இடத்தில் பார்ப்பார். அவர் மகன் ரெமி அதில் ஓட்டுகிறவன்.

ரெமி பெரிய வீரன் இல்லை. பத்திரிகையில் அவன் படம் வந்ததில்லை. அணித்தலைவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பது, பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பது, இதுதான் அவன் உத்தியோகம். தலைவனைக் கரைசேர்த்த பிறகு அவனிடம் பலம் மிச்சம் இருக்காது. இந்தப் பந்தயத்தில் எட்டு முறை ஓட்டினான், எட்டு முறையும் பாதியில் இறங்கினான். ஒரே ஒரு தடவை பந்தயம் முடிகிற மைதானத்துக்குள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நுழைய வேண்டும், கடைசி ஆளாக வந்தாலும் போதும் என்பான். இந்த வருடத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. ஒன்பதாவதுதான் கடைசி.

அவனை வளர்த்ததில் பாதி என் மனைவி சகாயமேரி. அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே தாய் பிரிந்து போய்விட்டாள், ழெரார் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்தால் பையன் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருப்பான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மோர்சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்ள அவனுக்கு அவள் பழக்கினாள். மேரி என்ற பெயர் அவன் பிரெஞ்சு வாயில் மரி என்றுதான் வரும். அவன் பந்தயத்துக்குப் போக ஆரம்பித்ததும் இவளும் போக ஆரம்பித்தாள். கல்பாதை முடிகிற இடங்களில் புட்டி கொடுக்க அணிகள் ஆள் நிறுத்தும். ஆள் போதாதபோது வீட்டு மனிதர்களும் நிற்பதுண்டு. எங்கள் ஊருக்கு வெளியே, பீட்ரூட் வயலை ஒட்டிய வளைவு சகாயமேரியின் இடம். சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றுவாள். அதோடு உலர்ந்த கையுறை ஒரு ஜோடியைச் சுடுதண்ணீர்ப் பையில் சுற்றி வைத்திருப்பாள். ஈரக்குளிரில் விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க முடியாது, பிரேக் பிடிக்க முடியாதவன் கல்பாதையில் விழுவான். தலைக்குமேல் பெரிய மஞ்சள் குடை. அவ்வளவு பெரிய குடையை நான் ஐஸ்கிரீம் வண்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் இந்தக் கலரு? ஊரே பாக்குது" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாக்கட்டுமே. அதுக்குத்தான புடிக்கிறேன்" என்றாள்.

அவள் அப்பா மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியாது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, வரப்பில் நடந்து வருவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அதனால் அவள் அம்மா கஞ்சிச்சட்டிக்குச் சும்மாடு சுற்ற எப்போதும் மஞ்சள் துணிதான் வைத்திருந்தாராம். உப்பு வாரிக்கொண்டிருக்கும் மனுஷன் நிமிர்ந்தால் தூரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு நகர்ந்து வரும். கஞ்சி வருகிறது, இன்னும் நாலு பாத்தி வாரிவிடலாம் என்று தெம்பு வரும். "எங்கப்பாவுக்கு மூஞ்சி தேவையில்ல, மஞ்ச தெரிஞ்சா போதும்" என்பாள். ரெமிக்கும் அதே கணக்குத்தான். மழை, சேறு, கத்துகிற கூட்டம், இத்தனைக்கும் நடுவில் அவன் முகங்களைத் தேடுவதில்லை. மஞ்சளைப் பார்ப்பான், கையை நீட்டுவான்.

எனக்கு அங்கே ஒரே வேலை, எண்ணுவது. மாவு ஆலைக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் மூட்டை எண்ணியவன் நான். எத்தனையாவது ஆளாக ரெமி கடந்தான் என்று எண்ணித் தொலைபேசியில் சொன்னால், ழெரார் அடுத்த இடத்திலிருந்து நேரம் கணக்குப்போட்டுக்கொள்வார். "வூட்டுக்கு வந்தும் மூட்டை எண்ணிக்கினே இருங்க. புள்ள மூஞ்சியைப் பாக்காதீங்க" என்று சகாயமேரி திட்டுவாள். நான் முகத்தைப் பார்த்ததே இல்லை, உண்மைதான். அவள் பார்க்கிறாள் என்ற தைரியத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அவள் தம்பி அந்தோணியின் மகளுக்குக் கல்யாணம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் அனுமந்தைக்குப் போனோம். புறப்படுவதற்கு முன் ரெமி வந்து சாப்பிட்டான். "கடைசித் தடவை, மரி. வளைவுல இருப்பதானே?" என்றான். "நான் இல்லாம வேற யாரு இருப்பா? நீ முடிக்கிற வழியைப் பாரு" என்றாள். வெயிலுக்கு வேண்டுமென்று மஞ்சள் குடையையும் எடுத்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்த நான்காம் நாள், காலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் மார்பு அடைக்கிறது என்றாள். புதுச்சேரிக்குக் கொண்டுபோகிற வழியில், பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் போய்விட்டாள். மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. "அக்காவுக்கு வெயிலு ஆவாது" என்று சொல்லிக்கொண்டே அந்தோணி அந்த மஞ்சள் குடையை விரித்து, சவப்பெட்டிக்குமேல் பிடித்தபடி மணலில் கல்லறைவரைக்கும் நடந்தான். குழி மூடி முடிக்கும்வரை அது மணலில் மல்லாந்து கிடந்தது. அதன்பின் குடையை யாரும் விரிக்கவில்லை. மடித்து என் பயணப்பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். கொண்டுவந்து இங்கே வாசல் மூலையில் சாத்தினேன்.

பந்தய நாள் காலையில் சுக்கு தட்டினேன். கருப்பட்டி எவ்வளவு என்று தெரியவில்லை, மூன்று முறை ருசி பார்த்தேன். கையுறையைச் சுடுதண்ணீர்ப் பையில் சுற்றினேன். வாசலில் குடையைப் பார்த்தேன். வருடம் திரும்பாத வீடு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூட இந்த வருடம் கட்டப்போவதில்லை. துக்கம் கழியாத மனிதன் மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கைக் கூட்டத்தில் போய் நிற்பதா? அதுவும் அவள் பெட்டிக்குமேல் பிடித்த குடையை? இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், தெரியும். நம்மூர்க் கண் எனக்குள்ளேயே இருக்கிறதே. என் கருப்புக் குடையை எடுத்தேன். கருப்புக் கோட்டு, கருப்புத் தொப்பி. ழெரார் என்னை வளைவில் இறக்கிவிட்டு முந்தைய கல்பாதைக்கு வண்டியை விரட்டினார்.

வளைவில் ஒரு கூடாரத்தில் சூப் காய்ச்சிக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன ஐயா, நேரா சாவு வீட்டுலேர்ந்து வர்றீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல நகைச்சுவைக்காரக் கிழவன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லி, எனக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். குடித்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. சுற்றிலும் குடைகள், எண்ணினேன். இருபத்தாறு கருப்பு, மற்றதெல்லாம் கரும்பச்சை, நீலம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு "அலே! அலே!" என்று ஓட்டுகிறவர்களை விரட்டும் கூச்சல் வயலைத் தாண்டி அலையாக வந்தது. முதல் ஏழு பேர் சேறு தெறிக்கக் கடந்தார்கள். பிறகு பன்னிரண்டு. பிறகு சிதறலாக. எல்லோரும் கருப்பு மழைச்சட்டை போட்டிருந்தார்கள். முதுகு எண் அதற்குள் மறைந்திருந்தது. முகம் எல்லாம் ஒரே சேறு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. நான் புட்டியை நீட்டியபடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அறுபதாவது ஆள் மெதுவாக வந்தான். வளைவுக்கு முன்னாலிருந்தே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு கை நெஞ்சோடு ஒடுங்கியிருந்தது. யாரையோ தேடுகிறான், பாவம், இவனுக்கும் யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன். அறுபது என்று வாய்விட்டும் சொன்னேன். என் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி அவன் கடந்துபோனான்.

முதுகைப் பார்த்ததும் தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அந்த உட்காரல், சமையலறை நாற்காலியில் நான் பதினைந்து வருடம் பார்த்தது. "ரெமி!" என்று கத்தினேன். அந்த நேரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். எழுபத்துமூன்று வயதில் சேற்றில் ஓடுவது ஓட்டமா? சூப்காரப் பெண்தான் வந்து என்னைத் தூக்கிவிட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அடுத்த கல்பாதையில் அவன் விரல்கள் பிரேக்கில் மடங்கவில்லை. விழவில்லை, அது ஒரு புண்ணியம். ஓரமாக நிறுத்தி இறங்கிவிட்டான். மைதானத்துக்கு இன்னும் இருபத்தொரு கிலோமீட்டர் இருந்தது. பந்தயத்தை விட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் கடைசி வண்டி அவனையும் ஏற்றிக்கொண்டது.

சாயங்காலம் ழெரார் என்னையும் அணியின் பேருந்துக்குக் கூட்டிப்போனார். ரெமி கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். என் கையில் அந்தப் புட்டி இன்னும் இருந்தது. ஒளித்துவைக்கத் தோன்றவில்லை.

"நீங்க இருந்தீங்களா?" என்று கேட்டான்.

"இருந்தேன். வளைவுலதான். உன்னை எண்ணினேன்."

அவன் புட்டியைப் பார்த்தான். "மரி இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றான். "தெரிஞ்சும் மஞ்சளைத்தான் தேடினேன். இல்லைன்னதும் யாரும் வரலைன்னு நெனச்சுட்டேன்."

வருடம் திரும்பும்வரை கலர் ஆகாது என்பதை அவனுக்குச் சொல்ல முயன்றேன். என் பிரெஞ்சில் அது, மஞ்சள் நிறம் எனக்குப் பிடிக்காது என்பதுபோல வந்தது. "பரவால்ல" என்றான். புட்டியை வாங்கி, ஆறிப்போனதை முழுக்கக் குடித்தான். "கருப்பட்டி அதிகம்" என்றான்.

மறுநாள் காலை அந்தோணி தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, ரேஸு என்னாச்சு? அந்தப் புள்ள முடிச்சிட்டானா?" நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. உப்பளத்தில் நின்று பேசுகிறான் போலும்.

"கொடையை எடுத்தா என்ன மாமா? அக்கா இருந்தா உங்கள உண்டு இல்லைன்னு பண்ணியிருக்கும்."

"வருஷம் திரும்பலயேப்பா."

"அது நம்ம ஊருக்கு மாமா. அங்க யாரு பாக்கப்போறா?" என்றான். பிறகு குரலை இறக்கினான். "ஃபாதர்கிட்ட பேசிட்டேன். அக்கா பக்கத்துல உங்களுக்கு எடம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க." என் கவலை அதுவல்ல என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "சரிப்பா" என்றேன். அங்கே வெயில் நன்றாக இருக்கிறதாம். உப்பு நன்றாக இறங்குகிறதாம்.

பேசி முடிக்கையில் ரெமி வந்தான். தோட்டத்து வழியாக வந்ததால் காலணி முழுக்கச் சேறு. விரல்கள் வீங்கியிருந்தன. என்னிடம் ஒன்றும் கேட்காமல் வாசல் மூலைக்குப் போய்க் குடையை எடுத்தான். தடுக்கக் கை நீண்டது, ஆனால் தடுக்கவில்லை. வீங்கிய விரலால் அதைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, கூடத்துக்குள்ளேயே விரித்தான். மடிப்புகளிலிருந்து சரசரவென்று மணல் கொட்டியது. அனுமந்தை மணல், ஜனவரியில் ஏறியது. அவன் தலையில், தோளில், தரையில் அவன் கொண்டுவந்த சேற்றின்மேல் விழுந்தது.

"அங்கேர்ந்தா?" என்று கேட்டான்.

தலையாட்டினேன். அவன் காலை அசைக்காமல் குடையைப் பிடித்தபடி நின்றான். வெளியே மழை விட்டிருந்தது. கூடத்தில் மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தது. கொஞ்சம் பொறுத்து, மணலை மிதித்துவிடாமல் ஒரு ஓரமாக நகர்ந்து, குடைக்கடியில் எனக்கு இடம் விட்டான்.