தரையில் வைத்த அரிசி டிரம்

எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது பகல் பதினொன்றரை மணி. மூன்று மணிக்குக் கார் வரும். மறுநாள் விடியற்காலை சென்னையிலிருந்து விமானம். கத்தாருக்குள் நுழைய விசாவில் போட்டிருந்த கடைசித் தேதியும் மறுநாள்தான். அண்ணாமலையாரை நம்புகிற என் சகோதர சகோதரிகளே, அன்று நான் பட்ட பாட்டை எந்தத் தாயும் படக்கூடாது.

என் பெயர் கற்பகம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள ஐந்து வருடம் முயன்று, கடைசியில் குடும்ப விசா கிடைத்தது. மகள் யாழினிக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா போனில் இருப்பவர்தான். பள்ளியில் டி.சி. வாங்கவே நாள் ஓடிவிட்டதால் கடைசி நாளில் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஆளுக்கு முப்பது கிலோதான் கொண்டுபோகலாம். ஒரு மாதமாகப் பெட்டியைத் தராசில் வைப்பதும் பிரிப்பதுமே என் வேலை. இட்லிக் குண்டானை வைத்தால் யாழினியின் புத்தகத்தை எடுக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் கனமாக இருக்கிறது என்று அண்ணாமலையார் படத்தைக்கூட வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். கடைசியில் ஒரு விதி வைத்தேன். கட்டில்மேல் இருப்பது எங்களோடு வரும். தரையில் இருப்பதை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாரையும் நம்பமாட்டேன். ஊருக்குப் போகிறோம் என்று சொந்தக்காரர்கள் காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அரிசி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டுப் புதைத்தேன். உதவிக்கு வந்திருந்த என் தங்கை கலாவிடம்கூடச் சொல்லவில்லை.

டிரம் தரையில் இருந்தது.

அன்று ஆவணிப் பௌர்ணமி. கிரிவலப் பாதை அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு கேட்டு ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கலா டிரம்மோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நீதானக்கா தரையில இருக்கறதெல்லாம் குடுத்துடுன்னு சொன்ன?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் அழுதுகொண்டே, "வண்டி குபேர லிங்கம் பக்கமா போவுதுன்னு சொன்னாங்கக்கா" என்றாள். எந்த அமைப்பு, யார் வண்டி, ஒன்றும் தெரியாது. யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஈசான்ய லிங்கத்தின் அருகே பாதையில் ஏறினேன். காலையிலேயே திதி தொடங்கிவிட்டதால் ஜனம் வெள்ளமாக வந்தது. வலம் வருகிறவர்கள் முன்பே கடந்து வருகிற குபேர லிங்கத்துக்குப் போக நான் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். கிரிவலத்தில் யாரும் எதிரில் நடக்கமாட்டார்கள். நான் நடந்தேன். தோளில் இடித்தார்கள், காலை மிதித்தார்கள். ஒவ்வொரு பந்தலாக நுழைந்து, "வேங்கிக்கால்ல இருந்து அரிசி டிரம் வந்துச்சாங்க?" என்று கேட்டேன். நாலு பந்தலில் இல்லை என்றார்கள். ஐந்தாவதில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பையோடு போட்டிருப்பார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, அப்பாகிட்ட போவமாட்டமா?" என்று யாழினி கேட்டாள். என் கால் நின்றுவிட்டது.

நடுரோட்டில் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "கனமா இருக்குதுன்னு உன் படத்தையே தரையில வெச்சவ நான். யாரையும் நம்பல, உன்னையும் நம்பல. பெட்டி எதுவும் வேணாம்ப்பா. இந்தப் பொண்ண அவ அப்பன்கிட்ட சேத்துடு. என்னால முடியல." சத்தம் போட்டே அழுதேன்.

எதிரே வந்த ஒரு நடுத்தர வயது அம்மாள் என்னைப் பிடித்து நிறுத்தினார். செய்யாறு பக்கம் என்றார். "ஏம்மா எதிர்ல வர்ற? என்னா ஆச்சு?" முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம், தங்கையிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது. தொலைந்துபோன குழந்தைகளின் பெயர்களைக் காவல் உதவி மையம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் கேட்டது:

"கற்பகம், யாழினி என்ற பெயர்களில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் குபேர லிங்கம் அன்னதானப் பந்தலில் கிடைத்துள்ளன. உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்."

யாழினி துள்ளினாள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, என்னோடு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார்.

"உங்க கிரிவலம் என்னம்மா ஆவறது?"

"அண்ணாமலையாரு ஒன்னும் நெனச்சிக்க மாட்டாரு. நீ வா. வழி வுடுங்க, வழி வுடுங்க!"

பந்தலில் அரிசி களைந்தவருடைய கையில் பை தட்டுப்பட்டிருக்கிறது. போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். நான் காலில் விழப் போனேன். அவர் பதறி விலகினார். "முதல்ல சாப்புடுங்கம்மா. உங்க வூட்டு அரிசிதான்." காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரிசையில் நின்று கையேந்தி வாங்கி, யாழினிக்கும் ஊட்டி, அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்த அம்மாளின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கூட்டத்தில் கலந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கலாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மிச்சப் பெட்டியை அவளையே அடுக்கச் சொன்னேன். எதை வைத்தாள், எதை விட்டாள் என்று நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கத்தார் விமான நிலையத்தில் யாழினி அவள் அப்பாவை எட்டி நின்று பார்த்தாள். மெதுவாகப் போய் அவர் மீசையைத் தொட்டாள். "போன்ல இருக்கறதவிட நீ உசரமா இருக்கப்பா" என்றாள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கோபம் எனக்கு இன்னும் வருகிறது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒளித்து வைக்கிற புத்தி போய்விட்டது. கிளம்பப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பயத்தை அண்ணாமலையாரிடம் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். யாரையும் நம்பாத என் குரலையே கேட்டவர், உங்கள் குரலையா கேட்காமல் போய்விடுவார்?