பின்வரிசையில் எழுந்த கைகள்

பள்ளியில் அவருக்குத் ‘துகள் டீச்சர்’ என்று பட்டப்பெயர். ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தார். எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் துகளில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார் என்று பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள். அதில் பொய்யில்லை. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது, அவை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே இருப்பது வெறும் இடம். இதைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். நம்புவதில்தான் சிக்கல். நடுவில் என்ன இருக்கிறது என்று மடக்கிக் கேட்டால் பாதிப் பேர் காற்று என்பார்கள். காற்றும் துகள்தானே என்றால் திருதிருவென்று விழிப்பார்கள்.

அதற்காகவே வருடாவருடம் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஆய்வகத்தின் ஜன்னல்களைச் சாத்துவார். மின்விசிறிகளை நிறுத்துவார். மேசைமேல் தட்டில் பஞ்சை வைத்து, அதில் நாலு சொட்டு செண்ட் விடுவார். வாசனை எட்டியதும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வரிசையில் கைகள் எழும், அப்புறம் அடுத்த வரிசை, பிறகு அதற்கும் பின்னால். ஊதாமல் விசிறாமல் வாசனை தானாகவே அறையைக் கடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

அந்த வருடம் டீச்சருக்கு ஒரு கஷ்டம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. செண்டும் சோப்பும் ஒன்றுதான், காபியும் வெந்நீரும் ஒன்றுதான். வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகியபோது, போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன் என்று சமாளித்தார். பள்ளியில் வாயே திறக்கவில்லை. வேதியியல் ஆய்வகத்தில் வாசனை தெரியாத ஆசிரியரை யார் வைத்துக்கொள்வார்கள்? அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்க உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அமிலப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். யாராவது முகத்தைச் சுளித்தால்தான் அவருக்கு விவரம் தெரியும்.

சோதனை நாள் வந்தது. பஞ்சில் செண்டை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். முதல் வரிசை மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒரு கையும் எழவில்லை. எழுந்த முதல் கை கடைசி பெஞ்சிலிருந்து வந்தது.

அது ‘ரேடியோ’வின் கை. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று நினைத்த டீச்சர் கையைக் கீழே போடச் சொன்னார். போட்டாள், மறுபடியும் தூக்கினாள். அவள் பக்கத்தில் இருந்தவனும் தூக்கினான். அவர்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் இன்னும் இரண்டு பேர். வகுப்பு களுக்கென்று சிரித்தது. எல்லோரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதட்ட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கைகள் எழுந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருந்தது. கேலி செய்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தூக்குவார்கள். இதுவோ பின்னாலிருந்து முன்னால் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து வந்தது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான் சாமான் அறை. அடுப்புகளுக்குப் போகும் கேஸ் சிலிண்டர் அங்கேதான் இருந்தது.

“ரேடியோ, என்ன வாசனை வருது?”

“செண்ட் இல்ல டீச்சர். முட்டை அழுகின மாதிரி நாறுது.”

 டீச்சர் பதற்றத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. சுவிட்சை யாரும் தொடக் கூடாது, பையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், முன்கதவு வழியாக மைதானத்துக்குப் போங்கள் என்றார். கடைசி பெஞ்சுக்காரர்களை முதலில் அனுப்பினார். கடைசிப் பிள்ளையும் வெளியேறியதும் ஜன்னல்களை விரியத் திறந்தார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்ச் சிலிண்டரின் திருகை இறுக மூடினார். ரப்பர் குழாய் வெடித்துப் பிளந்திருந்தது. பிறகுதான் வெளியே வந்தார். மைதானத்தில் பிள்ளைகளை எண்ணினார், ஒருவரும் குறையவில்லை. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்.

தலைமையாசிரியை ஓட்டமும் நடையுமாக வந்தார். கேஸ் கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, யாராவது மின்விசிறியைப் போட்டிருந்தால் நிலைமையே வேறு என்றார்கள். சமயத்தில் கண்டுபிடித்தீர்களே என்று தலைமையாசிரியை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது வாசனை தெரிந்தது என்று கேட்டார். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“எனக்குத் தெரியல மேடம். காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு வாசனையே தெரியறதில்ல. பிள்ளைங்க கையப் பாத்துதான் கண்டுபிடிச்சேன்.”

தலைமையாசிரியை ஆய்வகத்தைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வருகைப் பதிவேட்டை மனத்தில் புரட்டத் தொடங்கிவிட்டார்.

“இத முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா? சொல்லியிருந்தா சிலிண்டர எப்பவோ வெளியே மாத்தியிருப்போமே,” என்றார் அவர். உடனே ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டு, இனி ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் அவர் உள்ளே போய் மோந்து பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆய்வகத்திலிருந்து டீச்சரை மாற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை. டீச்சர் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் குழாயடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதார். பாரம் இறங்கிய அழுகைதான் அது.

மறுவாரம் சோதனையை மறுபடியும் வைத்தார்கள். இந்தத் தடவை கைகள் முன்னாலிருந்தே எழுந்தன. துகள்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டபோது, “ஒண்ணும் இல்ல டீச்சர், அதனாலதான் அந்த நாத்தம் அவ்வளவு சுலபமா எங்க கிட்ட வந்துச்சு,” என்றாள் ரேடியோ. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்.

அந்த வாரமே வீட்டிலும் சொல்லிவிட்டார். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கணவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும். என் சாக்ஸப் பத்தி நீ சண்டை போட்டு எத்தன மாசமாச்சு?”

“தெரிஞ்சும் ஏங்க கேக்கல?”

“நிம்மதியா இருந்துச்சு, அத ஏன் கெடுத்துக்கணும்?”

டீச்சர் சிரித்த சிரிப்பில் மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவர் அவரை மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். முன்பு என்றால் டீச்சர் இடிந்துபோயிருப்பார். இப்போது, சரி பார்ப்போம் என்று எழுந்து வந்தார். மறுநாள் காலை பால் பாத்திரத்தை மகளிடம் நீட்டி, கெட்டுவிட்டதா பார் என்றார். மகள் மோந்து பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். டீச்சர் அடுப்பைப் பற்ற வைத்தார்.