சமத்துவம் பத்து ரூபாய், பேச்சுரிமை ஐம்பது ரூபாய்

டிடிபி வேலை என்றால் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு “கொஞ்சம் இடது பக்கம் தள்ளும்மா” என்று சொல்வதைச் சிரித்த முகத்தோடு கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் என்பது நமக்கு மட்டுமே தெரியும்.

ஆயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்த காலம். புதுச்சேரியில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம் அது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ, லாஸ்பேட்டையில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ், இடுப்பில் இரண்டரை வயது மகள். என் தகுதி இவ்வளவுதான். அப்போது ஓர் அறக்கட்டளையிலிருந்து ரிட்டயர்டு புரொபசர் ஒருவர் வந்தார். ஜனங்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, ரூபாய் நோட்டை மட்டும் தினமும் பார்க்கிறார்கள். அதனால் நோட்டிலேயே அரசியலமைப்பை அச்சடித்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். மாதிரி நோட்டு அடித்து, மக்கள் கருத்து வாங்கி, டில்லிக்கு மனு அனுப்பப் போகிறாராம். ஓனர் என்னிடம், “இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா உன்ன பர்மனென்ட் பண்றேன். சொதப்புச்சின்னா வேற ஆள் பாக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டார். வேற ஆள் வந்தால், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை கம்பெனியில் என் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் கான்ட்ராக்ட் கூலியில் டவுன் வாடகை கட்டாது.

எந்த உரிமைக்கு எந்த நோட்டு?

சமத்துவம்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதனால் ஆயிரம் ரூபாய் நோட்டில் போடு என்றார் புரொபசர். போட்டேன். அழகாகத்தான் வந்தது. பைண்டிங் பார்க்கும் பிலோமினா அக்கா பசைக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று படித்துக் காட்டினேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு புரொபசரிடமே கேட்டுவிட்டார். அன்று சாயங்காலமே சமத்துவம் பத்து ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அக்கா கேட்டது இதுதான்: “ஆயிரம் ரூபா நோட்ட நான் கண்ணால பாத்து எட்டு மாசம் ஆவுது சார். அதுவரைக்கும் நான் யாருக்கும் சமம் இல்லியா?”

வளர்ந்த நோட்டு

ஐம்பது ரூபாயில் பேச்சுரிமை. ஒரே வரி, ஐந்து நிமிட வேலை என்று மகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன். பால்வாடி லீவு என்றால் அவள் என் மேஜைக்குக் கீழேதான் இருப்பாள். திரும்பி வந்தால் புரொபசர் இன்னொரு தாளோடு நிற்கிறார். பேசலாம் என்பது ஒரு வரிதானாம். எப்போதெல்லாம் பேசக்கூடாது என்பது ஒரு பக்கமாம். எழுத்தை நாலு பாயிண்டுக்குக் குறைத்தேன். எறும்பு வரிசை மாதிரி ஆனதே தவிர, நோட்டுக்குள் அடங்கவில்லை. “சார், கொஞ்சம் சுருக்கிக்கலாமா?” என்றேன். “சுருக்க நமக்கு அதிகாரம் கெடையாதும்மா. நோட்ட பெருசாக்கு” என்றார்.

ஆக்கினேன். கடைசியில் ஐம்பது ரூபாய் நோட்டு கைத்துண்டு அளவுக்கு வந்து, மூன்றாக மடிக்கும்படி ஆனது. ஓனர் அதைப் பிரித்தார், மடித்தார், சட்டைப்பையில் திணித்துப் பார்த்தார். பிறகு என்னைத்தான் முறைத்தார். “இதுக்கு ஜோப்பியும் நாமளே தச்சிக் குடுக்கணுமாம்மா?”

மிசே கேட்ட மொழி

பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். தெருவே அவரை மிசே என்றுதான் கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். மனைவியின் நினைவு நாள் கார்டு அடிக்க வந்தவர், என் திரையில் இருந்த நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். மொழிகளை விரல்விட்டு எண்ணினார். பிரெஞ்சு எங்கே என்றார். இந்திய நோட்டில் ஏன் பிரெஞ்சு என்றேன். இந்த ஊரில் நானும் ஓட்டுப் போடுகிறேனே என்று சண்டைக்கே வந்துவிட்டார். பிரான்ஸ் தேர்தலிலும் ஓட்டு, இங்கேயும் ஓட்டு போலிருக்கிறது.

எனக்கும் பொறுமை போய்விட்டது. “மிசே, நீங்க எந்த நாட்டு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரு, அத மொதல்ல சொல்லுங்க” என்றேன். யோசிக்கவே இல்லை அவர். “ஒண்ணாந்தேதி பென்ஷன் வந்துட்டா அந்த நாட்டுக்கு. லேட்டாச்சின்னா இந்த நாட்டுக்கு.”

மார்க்கெட்டில் பேச்சுரிமை

மக்கள் கருத்து கேட்க ஆள் இல்லை என்று பெரிய மார்க்கெட்டுக்கு என்னையே அனுப்பினார்கள். மீன் விற்கும் அம்மாவிடம் மடித்த ஐம்பதை நீட்டினேன். பிரித்தார். இன்னும் பிரித்தார். “இன்னாம்மா, வந்துகினே இருக்குது, நோட்டா வேட்டியா?” என்றார். உங்கள் பேச்சுரிமை இதில் இருக்கிறது என்று விளக்கினேன். அதற்குள் பக்கத்துக் கடைக்காரியோடு அவருக்கு இரண்டு ரவுண்டு வாய்ச்சண்டை முடிந்துவிட்டது.

நோட்டை ஈரம் படாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். சொன்ன கருத்தையும் மறக்க மாட்டேன்: “சங்கரா ஒரு கிலோ வாங்கினு போயி, ஐஸ் மீனுன்னு திரும்பி வந்து சொல்லிப் பாரு. யாருகிட்ட பேச்சுரிமை இருக்குன்னு நோட்டு இல்லாமலே தெரிஞ்சிடும்.”

மஞ்சள்

லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கூல் ஹாலில் கூட்டம். இருநூறு பேருக்கு இருபது ரூபாய் மாதிரி நோட்டு. அதில் மதச்சார்பின்மை. எழுத்துப் பிழை பார்த்துப் பார்த்து என் கண்ணே பிதுங்கிவிட்டது. மேடையில் புரொபசர் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள்! கட்டிங் மெஷின் செல்வம் அண்ணன், கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற மாதிரி, பொறுமையாக இருநூறுக்கும் தடவியிருக்கிறார். “மொதக் கட்டாச்சே, மொட்டையா அனுப்பலாமா?” என்கிறார். ஓனர் என்னைப் பார்த்தார். கட்டைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது நான். ஊருக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஜனம் வந்து உட்கார்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் பெருக்கத் துடைப்பத்தோடு போனோம். வழக்கமாக நோட்டீஸ் எல்லாம் செருப்படியில்தான் கிடக்கும். அன்று தரையில் ஒரு நோட்டு இல்லை! பர்ஸில் வைத்தவர்கள் உண்டு, கண்ணில் ஒற்றியவர்கள் உண்டு. தொப்பி போட்ட பாய் ஒருவர் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். பிலோமினா அக்கா பைபிளுக்குள் வைத்துவிட்டார். “மஞ்சா வச்சத கீழ போட மனசு வருமாடி?” எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, புரொபசரும் கேட்கவில்லை. என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்: “அடுத்த ஆயிரத்துக்கும் தடவிடச் சொல்லும்மா. பில்லுல மட்டும் மஞ்சள்னு போடாத, கலர்னு போட்டுடு.”

நூறு ரூபாய் நோட்டு

ஆர்டர் பெருத்தது, ஓனர் வாயெல்லாம் பல். பர்மனென்ட் என்றார். ஆனால் எனக்குமுன் அதே நாற்காலியில் இருந்த ஆண் ஆபரேட்டருக்குக் கொடுத்ததில் முக்கால் பங்குதான் சம்பளம் சொன்னார். நான் சண்டை போடவில்லை. நானே டைப் அடித்த நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்தேன்: ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம்.

ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவ்வளவு சின்ன எழுத்தை முழுசாகப் படித்த ஒரே குடிமகன் அவர்தான். கள்ள நோட்டு கேஸ் வந்துவிடக் கூடாது என்று எல்லா நோட்டிலும் குறுக்கே சிவப்பு எழுத்து போட்டிருந்தோம். அதில் விரலை வைத்தார். “பாரும்மா, நீதான் பெருசா அடிச்சிருக்க, ‘செல்லாது’ன்னு!”

புது ஆர்டர் கம்ப்யூட்டரிலேயே தேங்கிக் கிடக்க, மூன்று நாள் மவுஸைத் தொடாமல், மஞ்சள் தடவும் வேலையை மட்டும் செய்து அந்தப் பாக்கிக் கால் பங்கை நான் வாங்கிய விதம் எந்த நோட்டிலும் அச்சாகவில்லை.